ஓடைக்கரைக் கல்லில் ஒரு பிடி சோறு

விரதச் சோற்றைக் காகத்துக்கு வைக்காமல் நான் வாயில் வைத்ததில்லை. இத்தாலியில் பலேர்மோவுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அல்பெர்கேரியாவில் நாங்கள் இருந்த அறையின் ஜன்னல் விளிம்பில் சனிக்கிழமைகளில் ஒரு பிடி வைப்பேன். பல்லாரோச் சந்தைக்கு மேலே சுற்றுகிற புறாக்கள் வந்து தின்றுவிட்டு, கீழ்வீட்டுக்காரி காயப்போட்ட உடுப்பில் எச்சமிட்டுவிட்டுப் போகும். அவள் ஜன்னலைத் திறந்து கத்துவாள். நானும் விடாமல் திருப்பிக் கத்துவேன், தமிழில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அந்த ஒரு பிடி சோற்றால் பின்னால் நான் பட்ட பாட்டை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நானும் கணவரும் ஏஜென்சிக்காரன் காட்டிய வழியில் வந்து சேர்ந்தவர்கள். அந்த வழியில் பிள்ளையைக் கொண்டுவர முடியாது. ஆறு வயது மகளை யாழ்ப்பாணத்தில் என் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன். ஒரு வருடத்தில் கூப்பிட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டாயிரத்து இரண்டில் கடுதாசி இல்லாதவர்களைப் பதிந்தார்கள். அந்த அலையில் எங்களுக்கும் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கிடைத்தது. அதைக் கொடுக்கிற பொலிஸ் கந்தோர், குவெஸ்தூரா, வாசலில் நின்று நான் அழுததைப் பார்த்து, பலேர்மோவில் பழம் தின்று கொட்டை போட்ட எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கிட்ட வந்தார்.

"தங்கச்சி, ஏன் அழுறியள்? நல்ல காரியம்தானே."

"இனிப் பிள்ளையைக் கூப்பிடலாமெல்லோ அண்ணை."

"பெர்மெஸ்ஸோ மட்டும் காணாது. பிள்ளை இருக்கிறதுக்கு வீடு காட்டோணும். கொமூனேக்காரன், நகரசபை ஆள், வந்து அளந்து பாப்பான். உங்கடை உந்த அறையைக் காட்டினா, உங்களையும் சேத்து வெளியிலை விட்டிடுவான்."

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த அறைக்கு வெளியே ஒரு சமையலறை. அதை நான்கு குடும்பம் பாவித்தது. குளிக்கப் போவதென்றால் வாளியோடு வரிசையில் நிற்கவேண்டும். சுவரில் ஊறிய ஈரத்தில் உடுப்பெல்லாம் பூஞ்சணம் மணக்கும். ஒழுங்கான வீடு எடுக்க எங்களுக்கு வக்கில்லை. கணவர் பிரான்காச்சோவில் ஒரு கல் வெட்டுகிற பட்டறைக்கு விடிய பஸ்ஸில் போவார். பொழுதுபட்டு, தலையெல்லாம் வெள்ளைத் தூளோடு வருவார். நான் வீடுகள் துடைத்தேன். கொஞ்ச நாளில் அவருடைய நாரி விட்டுப்போனது. குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது. அந்த நேரம்தான், நான் படி கழுவுகிற வீட்டுக்காரி, தனக்குத் தெரிந்த ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது அம்மாவின், தோட்டத்தில் தங்கி வேலை செய்ய ஒரு புருஷன் பெண்சாதி தேவை என்று சொன்னாள்.

தோட்டம் நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில் இருந்தது. பஸ் ஒரு வளைவில் இறக்கிவிட்டுவிட்டுப் போய்விடும்; அதற்கு மேலே நடைதான். திரும்பிப் பார்த்தால் துறைமுகமும், நாப்போலிக்குப் போகிற வெள்ளைக் கப்பலும் கீழே தெரியும். மேலே பாறைக்கு அடியில் ஒரு ஊற்று. அதிலிருந்து வருகிற தண்ணீர் பெரிய மரங்களின் நிழலில் ஓடையாக இறங்கி, ஜெப்பியா என்று அவர்கள் சொல்கிற கற்தொட்டியில் விழும். தொட்டியிலிருந்து வாய்க்கால்கள் பிரிந்து எலுமிச்சை, மண்டரின் மரங்களுக்குப் போகும். கடும் கோடையிலும் ஓடைத் தண்ணீரில் கால் வைத்தால் எலும்பு வரை குளிரும்.

அந்த ஓடையில்தான் மீன்கள். இத்தாலியனில் த்ரோத்தா. நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டானே, அந்த ட்ரவுட் மீனின் சாதிதான். வயதான சிஞ்ஞோராவின் இறந்துபோன கணவர் வடக்கேயிருந்து குஞ்சுகளாகக் கொண்டுவந்து விட்டாராம். அவை அங்கேயே பெருகி, ஓடையின் பிள்ளைகளாகிவிட்டன. மற்றவர்கள் அதில் தூண்டில் போட முடியாது, ஓடை அவர்களுடைய சொந்தம். ஓடைக்கும் சொந்தக்காரர் இருக்கலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நாங்கள் தங்கவேண்டிய காவல்காரர் வீட்டைச் சிஞ்ஞோரா திறந்து காட்டினா. இரண்டு அறை, ஒரு குசினி, உள்ளேயே குளிக்கிற இடம். கூரையில் ஒழுக்கிருக்கிறது, கணப்பு சரியில்லை என்று அவ சொல்லிக்கொண்டு போனா. நான் எதையும் கேட்கவில்லை. சின்ன அறையில் மகளின் கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜன்னல் பக்கம் போட்டால் வெயில் முகத்தில் அடிக்கும், உள்பக்கம் போடவேண்டும் என்று அந்த நிமிடமே முடிவெடுத்துவிட்டேன்.

வேலை என்றால் வேலை. சிஞ்ஞோராவின் பெரிய வீட்டில் பாதி அறைகள் பூட்டியே கிடக்கும். ஆனாலும் தூசு தட்டவேண்டும். ஷிரொக்கோக் காற்று அடித்தால் ஆபிரிக்காவின் மண்ணெல்லாம் எங்கள் ஜன்னல் விளிம்புக்கு வந்துவிடும். துடைத்து முடிக்க மறுபடி அடிக்கும். சமையல், சிஞ்ஞோராவின் முழங்காலுக்கு எண்ணெய், வாய்க்காலில் அடைத்த இலை, விழுந்த பழம் பொறுக்கல். பின்னேரம் கட்டிலில் விழுந்தால் கை எங்கே கால் எங்கே என்று தெரியாது. கணவருக்குத் தண்ணீர் கட்டுகிற வேலை. மண்வெட்டியால் ஒரு மடையை வெட்டி மறு மடையை அடைத்துக்கொண்டு மரம் மரமாகப் போவார். கோடையில் தண்ணீர் குறைந்தால் முதலில் மீனுக்கு, பிறகுதான் மரத்துக்கு. அது சிஞ்ஞோராவின் சட்டம். ஓடை ஒரு அளவுக்குக் கீழே போகக்கூடாது.

"மீனுக்கு மகாராசா மரியாதை. மரத்துக்கும் எனக்கும்தான் தாகம்" என்பார் கணவர்.

எலுமிச்சையை அங்கே பட்டினி போட்டுப் பூக்க வைப்பார்கள். கோடை தொடங்கியதும் தண்ணீரை ஒரேயடியாக நிறுத்திவிடுவார்கள். இலை சுருண்டு, மரம் செத்துப்போகும் என்கிற நிலை வந்ததும் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். மரம் பயந்துபோய்ப் பூத்துத் தள்ளும். அடுத்த கோடையில் அந்தக் காய் நல்ல விலை போகும். முதல் வருடம் அதைப் பார்த்துவிட்டு என் கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். "தேசி மரத்தை இப்பிடி வதைக்கிறாங்களே, பாவம் பிடிச்சவங்கள்" என்று புறுபுறுத்தார். பிறகு பழகிவிட்டார். எதுக்குத்தான் நாங்கள் பழகவில்லை?

காகத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் காகம் இருந்தது; சாம்பல் உடம்பும் கறுத்த தலையுமாக. சனிக்கிழமை சோற்றோடு நின்று "கா, கா" என்று நான் தொண்டை கிழியக் கூப்பிட்டால், கிடந்த காகமும் எழும்பி எதிர்மலைக்குப் போய்விடும்.

"உவைக்குத் தமிழ் விளங்காது. விடுமப்பா, பசிக்குது" என்றார் கணவர்.

ஓடைக்கரையில் தட்டையான ஒரு கல் இருந்தது. வருகிற காகம் வரட்டும் என்று சோற்றை அதில் வைத்தேன். தட்டில் ஒட்டியிருந்த பருக்கைகளை உதறச் சில்வர் தட்டைக் கல்லில் இரண்டு தட்டுத் தட்டினேன். பருக்கைகள் தண்ணீருக்குள் விழுந்தன. வேருக்கு அடியிலிருந்து மண்ணிறமாக ஒன்று வந்து, வாயைத் திறந்து, ஒரு பருக்கையை விழுங்கிவிட்டுத் திரும்பிப் போனது. முதுகெல்லாம் புள்ளி. நான் மிச்சச் சோற்றையும் வழித்துப் போட்டேன். சாப்பிட ஒரு சீவன் வந்துவிட்டதே, இனி நானும் சாப்பிடலாம் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமைச் சோறு, பிறகு தினச் சோறு ஆனது. பருப்பும் பிசைந்து போடுவேன். கல்லில் தட்டைத் தட்டினால் போதும், ஓடை முழுக்க இருந்து வந்து குவியும். ஒன்றுக்கு முதுகுச் செட்டையில் ஒரு வெட்டு. மற்றதுகளை இடித்துத் தள்ளிவிட்டு முன்னுக்கு வரும். அதற்குச் சண்டியன் என்று பெயர் வைத்தேன். தண்ணீருக்குள் கையை விட்டால் சண்டியன் விரல் இடுக்கிலிருந்து தின்பான். அந்த மலையில் சிஞ்ஞோராவையும் கணவரையும் விட்டால் எனக்கு வேறு ஆட்கள் இல்லை. ஒரு நாளில் எனக்குச் சந்தோஷம் என்று இருந்தது அந்த ஐந்து நிமிடம்தான். அதை ஒளிப்பானேன்?

ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லாரோவுக்கு இறங்கிப்போய்த் தொலைபேசிக் கடையிலிருந்து மகளோடு கதைப்பேன். என் குரலைக் கேட்டதும் அழத் தொடங்கிவிடுவாள். அழுதால் ஒன்றும் விளங்காது. நேரம் ஓடும், பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் கண்ணாடியைத் தட்டுவார்கள். அழுகையைக் கேட்டால் எனக்கும் அழுகை வரும். பிறகு கிழமை முழுக்க வேலை ஓடாது.

"அழாதை. அழுதா வைச்சிடுவன். படிக்கிறியோ? பெரியம்மா சொல்லுறதைக் கேக்கிறியோ?"

அவள் இன்னும் அழுவாள். நான் வைத்துவிடுவேன். அடுத்த கிழமையும் அதே கதை. கொஞ்சம் கொஞ்சமாக அழுகையை நிறுத்தினாள். "ஓம்", "படிக்கிறன்", "சாப்பிட்டனான்" என்று கேட்டதற்கு மட்டும் பதில் வரும். பிள்ளைக்கு அறிவு வந்துவிட்டது என்று அக்காவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

பிள்ளையைக் கூப்பிடுகிற அலுவல் இழுபட்டது. கணவரின் வேலைச் சம்பளம் மட்டும் காணாது என்றார்கள். பிறகு என் வேலையையும் சேர்த்துக் காட்டச் சொன்னார்கள். ஒன்று சரிவந்தால் மற்றது காலாவதி. வீட்டில் மட்டும் குறை சொல்லவில்லை. கொமூனேக்காரன் வந்து அளந்து, சின்ன அறை ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினான். இதற்கிடையில் ஊரில் மறுபடி சண்டை தொடங்கி, பாதையைப் பூட்டிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக்கு அரிசி, சீனி எல்லாம் கப்பலில்தான் போகிறது என்று கேள்விப்பட்டோம். சில ஞாயிறுகளில் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இருக்காது. அந்த நாட்களில் எங்கள் ஆட்களோடு சேர்ந்து, குகைக்குள் ஒரு புனிதை இருக்கிற மலைக்கு வெறுங்காலோடு ஏறினேன். எங்கள் சனம் எல்லாம் அவவையும் ஒரு அம்மனாகத்தான் கும்பிடுகிறது. என் பிள்ளை உயிரோடு இந்த வீட்டுக்கு வரட்டும், வேறொன்றும் வேண்டாம் என்று நேர்ந்தேன்.

இரண்டாயிரத்து ஏழு இளவேனிலில் கடைசியாக எல்லாம் சரிவந்தது. கொழும்பில் விசா ஒட்டவேண்டியது மட்டும் மிச்சம். அது வரும்வரைக்கும் வீடு எங்கள் கையில் இருக்கவேண்டும்.

அப்போதுதான் சிஞ்ஞோரா தோட்டத்தை விற்கப்போகிறேன் என்றா.

அவவுக்கும் வயது போய்விட்டது. படியேற முடியவில்லை. வாங்க வந்தவர் வடக்கேயிருந்து ஒரு என்ஜினியர், ஓய்வு பெற்றவர். பாஸ்குவா என்கிற ஈஸ்டர் விடுமுறைக்கு ஒரு தடவை வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அன்றைக்கு நாங்கள் கீழே குவெஸ்தூராவில் நின்றோம். மரங்களை அவர் அவ்வளவாகக் கவனிக்கவில்லையாம். ஓடையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாராம். இன்னும் சில கிழமையில் தூண்டிலோடு வருவார், மீன் பிடித்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார் என்று சிஞ்ஞோரா சொன்னா.

அவ ஓடைப்பக்கம் வந்து வருடக்கணக்காகிவிட்டது. அன்றைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஊன்றுகோலோடு மெல்ல இறங்கி வந்தா. தட்டைக் கல்லை அடைந்ததும் களைத்துப்போய், ஊன்றுகோலைக் கல்லில் டொக், டொக் என்று ஊன்றினா. அவ்வளவுதான். ஓடை முழுக்கக் கலகலத்தது. சண்டியன் முன்னால், மற்றதுகள் பின்னால், எல்லாம் வந்து வாயைத் திறந்துகொண்டு எங்கள் காலடியில் நின்றன.

"என்ன இது?" என்றா சிஞ்ஞோரா.

"சோறு போடுறனான்" என்றேன்.

"யார் போடச் சொன்னது?"

காகம், விரதம் என்று என் வீட்டுவேலை இத்தாலியனில் எப்படிச் சொல்வேன்? சொல்லிப் பார்த்தேன். காகத்துக்கு வைத்த சோற்றை மீன் தின்றது என்று கேட்டதும் அவ முகம் இன்னும் சிவந்தது.

"இவை மீனா? கோழி! என் கணவர் ஒரு மீனுக்காக விடியலிலிருந்து முழங்கால் தண்ணீரில் நிற்பார். நீ அரிசி போட்டுக் கோழியாக்கி வைத்திருக்கிறாய்." கல்லில் உட்கார்ந்துவிட்டா. குரலை இறக்கிச் சொன்னா. "கேள். அந்த மனிதருக்கு வேண்டியது இந்த ஓடை. தூண்டிலைக் கண்டு ஓடுகிற மீன். அவர் வாங்கினால் நீங்கள் இருவரும் இந்த வீட்டிலேயே இருப்பீர்கள். அதை எழுதித்தான் விற்பேன், அவரும் சம்மதம். அவர் வேண்டாம் என்றால் என் கணவரின் மருமக்கள்தான் எடுப்பார்கள். அவர்கள் மரத்தை வெட்டி வீடு கட்டுகிறவர்கள். அவர்களுக்கு நீங்கள் தேவையில்லை. உன் மகளுக்கு வீடு வேண்டுமா, வேண்டாமா?"

"வேணும்."

"அப்படியானால் இவற்றுக்குப் பயம் வரவேண்டும். எலுமிச்சைக்குச் செய்வதைச் செய். நிறுத்திவிடு. வந்தால் விரட்டு."

எலுமிச்சைக்குத் தண்ணீரை நிறுத்தினால் போதும். அது எங்கள் பின்னால் வாயைத் திறந்துகொண்டு வராது. மீன் வந்தது. சோற்றை நிறுத்திய பிறகும் வந்தது. ஓடைக்கரையில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே வந்து நின்றது. கணவரிடம் சொன்னேன்.

"என்னாலை ஏலாது. கல்லாலை எறியிற சாதி நானில்லை. நீர்தானே பழக்கினீர், நீரே பாரும்."

"ஓமோம், பாவமெல்லாம் எனக்கு, வீடு மட்டும் உங்களுக்கு!" என்று அவரைப் பிய்த்துத் தின்றேன். அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டார்.

மடி நிறையச் சிறுகல்லைப் பொறுக்கிக்கொண்டு தட்டைக் கல்லுக்குப் போனேன். தட்டைத் தட்டுவேன், வரும், எறிவேன். சிதறி ஓடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தனவோ என்னவோ, விழுந்த கல்லையும் வாயில் எடுத்துப் பார்த்துத் துப்பின. "போ, சனியனே, போ! ஏன் வாறாய்? வெக்கமில்லையே?" என்று கத்திக் கத்தி எறிந்தேன். அழுகை வந்தது. அழுதுகொண்டே எறிந்தேன். அந்த நேரத்தில் யாராவது பார்த்திருந்தால் இந்த மனுஷிக்கு விசர் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நாளாக ஆகக் குறைந்தது. சின்னதுகள் முதலில் நின்றன. பிறகு பெரியதுகள். சண்டியன் மட்டும் விடவில்லை. தனியாக வருவான். முதுகில் கல் பட்டாலும் கொஞ்சம் விலகி, அங்கேயே நின்று என்னைப் பார்ப்பான். மீன் பார்க்குமா என்று கேட்கவேண்டாம்; பார்த்தது. கடைசியில் ஒரு தடியை எடுத்து, கிட்ட வந்தபோது ஓங்கி ஒரு அடி போட்டேன். தண்ணீர் கலங்கியது. தெளிந்தபோது ஆளில்லை. அதற்குப் பிறகு தட்டைத் தட்டினாலும் ஓடையில் தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. சிஞ்ஞோரா கேட்டா, தலையிடி என்றேன்.

என்ஜினியர் வந்தார். இடுப்பு வரை ரப்பர்ச் சப்பாத்து. இறகும் நூலும் சுற்றிய பொய்ப் பூச்சிகள் நிறைந்த ஒரு பெட்டி. காலை முழுக்கத் தண்ணீரில் நின்றார். நான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று நேர்த்திமேல் நேர்த்தியாக வைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சோற்று ஞாபகம் வந்து ஒன்றாவது அவர் காலடியில் போய் நின்றால் எல்லாம் போச்சு. கோப்பி கொண்டுபோய்க் கொடுக்கச் சிஞ்ஞோரா சொன்னா. தட்டத்தில் கரண்டி சத்தம் போடாமல் இருக்க, கரண்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனேன்.

மதியத்துக்குக் கிட்ட ஒன்று அகப்பட்டது. தூக்கினார். முதுகுச் செட்டையில் வெட்டு. சண்டியன்தான். அவர் கொக்கியை மெல்லக் கழற்றி, படம் எடுத்து, மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டார். சண்டியன் ஒரு கணம் அவர் கையிலேயே நின்றான். பிறகு தலையைத் திருப்பி வேருக்கடியில் பாய்ந்துவிட்டான்.

"பிடிச்சுப்போட்டு விடுறான், பாரும். பேந்து ஏன் பிடிக்கிறான்?" என்றார் கணவர் என் காதுக்குள்.

என்ஜினியர் சந்தோஷமாக மேலே வந்தார். "நிழலைக் கண்டாலே ஒளிகின்றன. அருமையான மீன்கள்" என்று சிஞ்ஞோராவின் கையைக் குலுக்கினார். தோட்டம் கைமாறியது. நாங்கள் இருப்போம் என்று எழுதினார்கள். மீனுக்கு யாரும் எதுவும் போடக்கூடாது என்று அவர் வாயால் சொல்லிவிட்டுப் போனார். சிஞ்ஞோரா நகரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது என் கன்னத்தைத் தட்டினா. எனக்கு எதிலும் சந்தோஷம் வரவில்லை. படுத்துத் தூங்கினால் போதும் போலிருந்தது.

அடுத்த வருடம் மகள் வந்தாள்.

விமான நிலையக் கதவு திறந்து திறந்து மூடியது. வெளியே வந்தவள் என்னைவிட உயரமாக இருந்தாள். நான் கையை நீட்டிக்கொண்டு ஓடினேன். அவள் பையை முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாள். "சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டாள், கலியாண வீட்டில் தூரத்துச் சொந்தத்தைக் கேட்பது மாதிரி. நான் பையோடு சேர்த்துத்தான் அவளைக் கட்டிப்பிடித்தேன்.

கட்டில் நான் நினைத்த இடத்தில்தான் இருந்தது. புது விரிப்பு, புது மேசை விளக்கு. அவள் எல்லாவற்றையும் பார்த்து "நல்லா இருக்கு" என்றாள். நாங்கள் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவாள். தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்ப்பாள். குழாயைத் திறக்கவும் கேட்டுவிட்டுத்தான் திறப்பாள். தகப்பனோடு கொஞ்ச நாளில் ஒட்டிக்கொண்டாள். மடை வெட்டப் போகிறபோது பின்னாலேயே போவாள், சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் கிட்டப் போனால் சத்தம் நின்றுவிடும். வந்த நாளிலிருந்து என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. என்னோடு கதைக்க வேண்டுமென்றால் முன்னால் வந்து நின்று தொடங்குவாள்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "அழு பிள்ளை, கத்து, ஏசு, என்னவாவது செய். இப்பிடி விருந்தாளி மாதிரி இருக்காதை. போனிலை எப்பிடி அழுவாய் நீ!" என்றேன்.

"அழுதா வைச்சிடுவன் எண்டு சொன்னனீங்கள்" என்றாள். கோபமில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு வாய் நீளம் என்று சொன்னேனே. அன்றைக்கு அந்த வாயைப் பொத்திக்கொண்டு, கழுவின சட்டியையே மறுபடி கழுவினேன்.

அந்தச் சனிக்கிழமை நான் விரதச் சோற்றை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். தோட்டம் விற்ற பிறகும் சனிக்கிழமை வைக்காமல் இருக்க முடியவில்லை. என்ஜினியர் வருடத்தில் இரண்டு தடவைதான் வருவார். கல்லில் வைத்துவிட்டு வருவேன், எறும்பு தின்னும். என் நிழல் தண்ணீரில் விழுந்தாலே ஓடைக்குள் கறுப்புக் கறுப்பாக ஓடி ஒளியும். அன்றைக்கு மகள் பின்னால் வந்தாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள்.

"முந்தி உங்கடை கையிலை வந்து திண்டதுகளாம். அப்பா சொன்னவர்."

"ஓம்."

"பேந்து ஏன் இப்ப ஓடுதுகள்?"

"கல்லாலை எறிஞ்சு கலைச்சனான்."

"ஏன்?"

"இந்த வீடு போகக் கூடாதெண்டு. வாங்க வந்தவனுக்குப் பயந்த மீன்தான் வேணுமாம். வீடு போயிருந்தா உன்னைக் கூப்பிட்டிருக்க ஏலாது." சொல்லும்போதே எனக்கு அது விசர்க்கதையாகப் பட்டது. "அதுகளுக்கு என்னிலை நல்ல விருப்பம் பிள்ளை. எனக்கும் அதுகளிலை விருப்பம்தான். எண்டாலும் எறிஞ்சனான். அழுதழுது எறிஞ்சனான்."

அவள் ஓடையைப் பார்த்தாள். பிறகு கிட்ட வந்து, என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். என்ஜினியர் போடவேண்டாம் என்றவர் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். அவள் கல்லில் குந்தி இருந்தாள், சோற்றைச் சின்ன உருண்டையாகப் பிடித்தாள்.

"நீங்கள் அங்காலை போங்கோ அம்மா" என்றாள். "உங்களைக் கண்டா வராதுகள்."

நான் திரும்பி எலுமிச்சை மரங்களுக்குள் போய், ஓடைக்கு என் நிழல் தெரியாத இடமாகப் பார்த்து நின்றேன்.